பூஞ்சைச் சுவருக்கு பிளீச்சிங் பவுடரும் வினிகருமா? வேண்டாம்

"சுவரில் கறுப்புப் பூஞ்சையா? பிளீச்சிங் பவுடரை வினிகரில் கரைத்து அடியுங்கள், திரும்ப வரவே வராது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய குளியலறையில் அது நுரையீரலையே பாதிக்கும். பிளீச்சிங் பவுடரை பாத்ரூம் ஆசிட்டுடன் கலந்தாலும் இதே ஆபத்துதான்.

சரி, பூஞ்சை ஏன் வருகிறது? ஈரத்தால். குழாய்க் கசிவு, மாடி விரிசல் இவற்றை அடைக்காமல் எதை அடித்தாலும் திரும்ப வரும். நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. கெட்டியான பரப்பில் இருப்பதைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இணையதளத்தில் இந்த அளவுகளைப் பார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.