310 எடுத்த பிள்ளை எங்கே போவான்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் போதும், தனியார் பள்ளி வாசலில் ரேங்க் எடுத்த பிள்ளைகளின் படத்தோடு ஃப்ளெக்ஸ் முளைத்துவிடுகிறது. ரேங்க் பட்டியல் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. தாளாளர்களுக்குத்தான் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போல.

சரி, 500-க்கு 310 எடுத்த பிள்ளை? எல்கேஜியிலிருந்து ஃபீஸ் வாங்கும்போது இனித்தான். இப்போது பிளஸ் ஒன்னில் கேட்ட குரூப் கிடையாதாம். "டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருங்களேன் சார்." பையனுக்குக் கணக்கு பிடிக்கும் என்றால் காதிலேயே விழாது. பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ் என்று அரசாங்கமே சொல்கிறது, பாஸானவனை உள்ளே விட இவர்களுக்கு ஏன் இப்படி வலிக்கிறது?

490 எடுக்கிறவனுக்குத் தனி செக்‌ஷன், ஸ்பெஷல் கிளாஸ், நல்ல வாத்தியார். தடுமாறுகிறவனுக்குக் கடைசி பெஞ்சு. இப்படி வடிகட்டிவிட்டு, 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் வேறு!