வில்லங்கம் 'நில்' என்றால் வீடு சுத்தம் என்று அர்த்தமில்லை

வீடு வாங்கப் போகிறவரிடம் "30 வருஷ வில்லங்கம் நில் (அதாவது பதிவு எதுவும் இல்லை), பட்டாவும் விற்பவர் பேர்லயே இருக்கு, தைரியமா அட்வான்ஸ் கொடுங்க" என்று சொல்வார்கள். பாதிதான் சரி.

வில்லங்கச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தில், அதாவது சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேட்டில், பதிவானவற்றை மட்டுமே காட்டும். உயில் பதிவானாலும் அதற்கென்று உள்ள 3ஆம் புத்தகத்துக்குப் போய்விடுவதால் இதில் வராது. வாரிசுப் பங்கும் வராது. அப்பா உயில் எழுதாமல் இறந்து, மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றிருந்தால் மகள்களின் பங்கு அப்படியே நிற்கும். இந்துக் குடும்பமானால் இறந்தவரின் மனைவிக்கும் அம்மாவுக்கும் பங்கு உண்டு. அதனால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாரும் பத்திரத்தில் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு பேராக டிக் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று, வில்லங்கச் சான்றுக்கு நீங்கள் எந்த சர்வே எண்ணைக் கொடுக்கிறீர்களோ அதற்குத்தான் தேடுவார்கள். உட்பிரிவு ஆன மனைக்குப் புது எண் மட்டும் போட்டால் பழைய எண்ணில் கிடக்கும் அடமானம் கண்ணில் படாது. இரண்டுக்கும் மனு போடுங்கள். சார்பதிவாளர் அலுவலக எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் கேளுங்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, உரிமைப் பத்திரம் அல்ல.

மூலப் பத்திரத்தை அசலாகவே பாருங்கள். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அசல் யாரிடமாவது ஈடாக இருக்கலாம்.

வெள்ளம் வரும் இடமா என்பது இந்தக் காகிதங்கள் எதிலும் இல்லை. தெருவில் எல்லா வீட்டு மீட்டர் பெட்டியும் வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கிறதா, காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள், அவர் விற்கவில்லையே!