ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்கும் தம்பிகளுக்கு: முதலில் ஃபோகஸ், பிறகு கூர்மை

ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்கப் போகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் என்னிடம் முதலில் கேட்பது, "எது அதிகக் கூர்மை?" என்றுதான். ஃபோகஸ் சரியாக விழுமா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆதங்கம் இங்கேதான்.

நேற்று நம் திருமணப் படத் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். பழைய ஃபுல் ஃபிரேம் (35 எம்.எம். ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) டி.எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி வைத்த கேமரா ஒன்று வாங்கியிருக்கிறார். கையில் இருக்கும் பணத்துக்கு எஃப் 1.8 லென்ஸ் புதிதாகக் கிடைக்கும், எஃப் 1.4 என்றால் கைமாறியதுதான் கிடைக்கும். (எஃப் எண் சிறிதாக ஆக, அப்பர்ச்சர் என்ற ஒளித்துளை பெரிதாகத் திறக்கும்.) எதை வாங்குவது? புதிய எஃப் 1.8 என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. 1.4 என்ற எண்ணுக்கு அப்படி ஒரு மயக்கம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திருமங்கலம் பக்கம் ஒரு திருமணம். அப்போது என்னிடம் கைமாறி வந்த எஃப் 1.4 லென்ஸ் ஒன்று இருந்தது. வீட்டில் நாளிதழைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்திருந்தேன். வரி விளம்பரத்தின் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று விழுந்தது. அந்த நம்பிக்கையோடு மணவறை முன்னால் நின்றேன். கெட்டி மேளம் கொட்டியது, அட்சதை பறந்தது, மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். மொத்தம் பதினொரு படங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தன.

இரவில் கணினியில் போட்டுப் பெரிதாக்கியபோது கை நடுங்கிவிட்டது. கண்ணில் ஃபோகஸ் விழுந்தவை இரண்டே படங்கள். நான்கில் பின்னால் நின்ற தாய்மாமனின் சட்டைப் பை கூர்மையாக இருந்தது. சிலவற்றில் கூந்தலில் சூடிய மல்லிகை. மீதியில் மாப்பிள்ளையின் மணிக்கட்டு. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்த பெண்ணின் அம்மா, தாலி கட்டும் படம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிழை தன் கண்ணில் என்று நினைத்துக்கொண்டார். அந்தக் காட்சியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கேமராவையும் லென்ஸையும் சரிபார்க்கக் கொடுத்தேன். இரண்டும் தனித்தனியே வரம்புக்குள்தான் இருக்கின்றன என்று திரும்பி வந்தன. அதில் பொய் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்த லென்ஸ் எந்த நிறுவனத்துடையது என்று இங்கே எழுத மாட்டேன். அந்த ஒரு லென்ஸும் அந்த ஒரு கேமராவும் சேர்ந்தபோது வந்த கோளாறு அது.

டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியின் பெரும்பகுதியைக் கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி மேலே வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. மீதி, அதன் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் பட்டுக் கீழே தனியாக இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. படம் பதிவதோ பின்னால் இருக்கும் வேறொரு சென்சாரில். இந்த இரண்டு பாதைகளின் நீளமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழும். கேமராவில் கொஞ்சம், லென்ஸில் கொஞ்சம் என்று தனித்தனியே வரம்புக்குள் இருக்கும் பிசகுகள் ஒரே திசையில் சேர்ந்துவிட்டால், எஃப் 1.4-இல் அது நேரே கண்ணில் தெரியும்.

எவ்வளவு தெரியும்? ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஐம்பது எம்.எம். லென்ஸ், எஃப் 1.4, ஆள் ஒன்றரை மீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். கூர்மையாகத் தெரியும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு நெருங்கினால் அது மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்குள் மணப்பெண் தலை தாழ்த்துகிறார், மாப்பிள்ளை குனிகிறார், நாத்தனார் மூன்றாவது முடிச்சுக்குக் கை நீட்டுகிறார், ஹோமப் புகை குறுக்கே வருகிறது. ஒன்றரை மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆழம் கிடைக்கும். அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் பலமுறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

எஃப் 1.4-இல் அதிக வெளிச்சம் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் வித்தியாசம் ஒரு முழு ஸ்டாப் (இருமடங்கு வெளிச்சம்) கூட இல்லை, மூன்றில் இரண்டு பங்கு சொச்சம். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை 1600-இலிருந்து 2500-க்கு ஏற்றினால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகிவிடும். படத்தில் கொஞ்சம் துகள் தெரியும், அதை எந்தத் தாயும் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்க மாட்டார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எப்போதும் ஒரே அளவு தவறும் லென்ஸ் வேறு, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தவறும் லென்ஸ் வேறு. எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஒரு நாள் முந்தி, ஒரு நாள் பிந்தி ஓடும் கடிகாரத்தை என்ன செய்வது? பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஃபோகஸைத் திருத்தும் வசதி இருக்கிறது. ஆனால் அது முதல் வகைக்குத்தான் மருந்து. என் லென்ஸில் முதல் வகைப் பிசகோடு இரண்டாவது வகையும் சேர்ந்திருந்தது. எத்தனை திருத்தம் போட்டாலும் அடுத்த படம் வேறொரு இடத்தில் விழுந்தது. இணையத்தில் கிடைக்கும் கூர்மை ஒப்பீடுகள் பெரும்பாலும் ஃபோகஸைக் கவனமாகச் சரிசெய்த பிறகு எடுத்த படங்களை வைத்தே செய்யப்படுகின்றன. அந்த லென்ஸால் என்ன முடியும் என்பதை அவை காட்டும். முகூர்த்த நேரத்தில் என்ன செய்யும் என்பதைக் காட்டாது.

கேனன் லென்ஸ்களையே எடுத்துக்கொள்வோம். ஈ.எஃப். (கேனன் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டும் வகை) 50 எஃப் 1.4 வந்தது 1993-இல். எடை 290 கிராம், உள்ளே ஏழு கண்ணாடி வில்லைகள். எஃப் 1.4-இல் மென்மையான ஒரு மினுமினுப்பு இருக்கும், எஃப் 2.8-க்கு வந்தால் நல்ல கூர்மை. அதன் பலவீனம் மோட்டார் பகுதி. உள்குழாய் வெளியே நீண்டிருக்கும்போது முன்பக்கம் இடிபட்டால் ஃபோகஸ் சிக்கிக்கொள்ளும். கைமாறியதை வாங்குவோர் ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. 2006-இல் அறிவிக்கப்பட்ட எஃப் 1.2 எல் லென்ஸின் முகப்படங்கள் அழகானவை, மறுக்க மாட்டேன். ஆனால் அதில் மிச்சம் வைத்திருக்கும் கோளப் பிறழ்ச்சியால் (லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறை), நெருக்கத்தில் எஃப் 2, எஃப் 2.8 என்று அப்பர்ச்சரைக் குறுக்கும்போது கூர்மையாக விழும் இடமே பின்னால் நகரும். கேமரா முழுதாகத் திறந்த நிலையில் ஃபோகஸ் செய்கிறது, படம் எடுப்பது வேறு அப்பர்ச்சரில். பாதுகாப்புக்காக அப்பர்ச்சரைக் குறுக்கியவரையே அது ஏமாற்றும். இத்தனைக்கும் நடுவே 2015-இல் வந்த எஃப் 1.8 எஸ்.டி.எம். வெறும் 160 கிராம். தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். ஓரங்களில் சற்று மந்தம், வெள்ளிச் சரிகையில் பச்சையும் கத்தரிப்பூ நிறமும் இழையோடும். இருந்தாலும் என் கையில் இருப்பது பத்துக்கு ஒன்பது முறை கண்ணில் போய் உட்காருகிறது.

நிக்கானிலும் ஏறக்குறைய அதே கதைதான். 2008-இல் வந்த எஃப் 1.4 ஜி-யைவிட, 2011-இல் வந்த 185 கிராம் எஃப் 1.8 ஜி-தான் என் பார்வையில் புத்திசாலித்தனமான தேர்வு.

படத் தரம் ஒன்றுக்காகவே உருவான லென்ஸ்களும் உண்டு. ஸைஸ் நிறுவனத்தில் பவுல் ருடால்ஃப் 1896-இல் வடிவமைத்த பிளானரின் வழியில்தான் நம் ஐம்பதுகளில் பெரும்பாலானவை நூறாண்டுக்கு மேல் நடந்தன: இருபுறமும் ஏறக்குறைய ஒத்த அமைப்பு, நடுவில் அப்பர்ச்சர், ஆறேழு கண்ணாடிகள். 2013-இல் அதே ஸைஸ் வெளியிட்ட ஓட்டஸ் 55 எஃப் 1.4 அந்தப் பாதையை விட்டு விலகிப் பன்னிரண்டு கண்ணாடிகளோடு வந்தது. முழுதாகத் திறந்த நிலையிலேயே அபாரமான கூர்மை. ஆனால் ஆட்டோஃபோகஸே கிடையாது. 2014-இல் சிக்மாவின் ஆர்ட் 50 எஃப் 1.4 பதின்மூன்று கண்ணாடிகளோடும் 815 கிராம் எடையோடும் வந்தது. சுவரில் தொங்கும் பெரிய படத்துக்கு அது தரும் தரத்தை மனமாரப் பாராட்டுகிறேன். யு.எஸ்.பி. டாக் என்ற கருவியை வாங்கினால் நான்கு தூரங்களுக்குத் தனித்தனியே ஃபோகஸைத் திருத்தலாம். பொறுமையாக உட்கார்ந்து அதைச் செய்பவருக்கு நல்ல லென்ஸ். முதல் நாளே பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு ஓடுபவருக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்தபிறகு இந்த வழக்கே பாதி தீர்ந்துவிட்டது. படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளக்கிறது. இரண்டு பாதைகள் இல்லை, ஆகவே பாதைகளுக்கிடையே பிசகும் இல்லை. கேமரா கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. பழைய ஈ.எஃப். லென்ஸை அடாப்டர் வைத்துக் கேனனின் மிரர்லெஸ் வகையான ஆர்.எஃப். கேமராவில் மாட்டியபோது நான் அசந்துபோனேன். டி.எஸ்.எல்.ஆரில் தடுமாறிய அதே லென்ஸ், கண்ணிமையை எண்ணி எடுக்கிற மாதிரி படம் கொடுத்தது. இத்தனை ஆண்டுகள் லென்ஸ் மேல் போட்ட பழியில் பாதி கேமராவுக்குச் சேர வேண்டியது.

லென்ஸ் வடிவமைப்பும் மாறியிருக்கிறது. பழைய ஐம்பதுகளில் பெரும்பாலும் மொத்தக் கண்ணாடித் தொகுதியும் முன்னும் பின்னும் நகர வேண்டும். கனமான பொருளைச் சின்ன மோட்டார் தள்ளிச் சரியான இடத்தில் நிறுத்துவது எளிதில்லை. புதியவற்றில் பலவும் உள்ளே இருக்கும் சிறு தொகுதியை மட்டும் நகர்த்துகின்றன. சோனியின் எஃப் 1.2 ஜி.எம். 778 கிராம் எடையுள்ள லென்ஸ். அதன் ஃபோகஸுக்கு மட்டும் நான்கு லீனியர் மோட்டார்கள். கேனன் ஆர்.எஃப். 50 எஃப் 1.2 எல் 950 கிராம். காலை நான்கு மணிக்கு நலங்கில் தொடங்கி மாலை வரவேற்பு வரை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் தோளை யோசித்துக்கொள்ளுங்கள். என் விருப்பம் நிக்கான் இசட் 50 எஃப் 1.8 எஸ். எடை 415 கிராம், பன்னிரண்டு கண்ணாடிகள். எஃப் 1.8-இலேயே ஓரம்வரை கூர்மை, சரிகையில் நிறப் பிசிறு மிகக் குறைவு. எஃப் 1.8 என்றால் ஏழைகளின் லென்ஸ் என்ற பழைய எண்ணத்தை 2018-இலேயே அது உடைத்துவிட்டது.

மிரர்லெஸ்ஸிலும் ஹோமப் புகைக்கு நடுவே, வீடியோ விளக்கு நேர் எதிரே அடிக்கும்போது ஃபோகஸ் அலையும். அப்போது மெதுவான மோட்டார் உள்ள மலிவு லென்ஸுக்கும் விலை கூடிய லென்ஸுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கொடுத்த பணத்துக்கு நியாயம் அங்கேதான் கிடைக்கிறது.

எதை வாங்கினாலும் நாளிதழை ஒட்டிச் சோதிக்காதீர்கள். வீட்டில் ஒருவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிடுங்கள், ஒருமுறை மிக அருகிலிருந்து, மறுமுறை தொலைவிலிருந்து. கண்ணில் ஃபோகஸ் வைத்து இருபது படங்கள். பகல் வெளிச்சத்தில் இருபது, மஞ்சள் பல்பின் கீழே இன்னும் இருபது, ஏனென்றால் டி.எஸ்.எல்.ஆரில் விளக்கின் நிறம் மாறினாலும் ஃபோகஸ் சற்று நகரக்கூடும். பிறகு கணினியில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். இருபதில் பதினேழுக்குக் கீழே போனால் நான் அந்த லென்ஸை முகூர்த்தத்துக்கு எடுத்துப்போவதில்லை.

தம்பியை ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் கண் வைத்திருக்கும் அந்த எஃப் 1.4 லென்ஸையும் விற்பவரிடம் ஒரு நாள் வாங்கி வரச் சொன்னேன். என்னுடைய எஃப் 1.8 இங்கே இருக்கிறது. என் அம்மா நாற்காலியில் உட்காரச் சம்மதித்துவிட்டார். இரண்டு லென்ஸிலும் நாற்பது நாற்பது படங்கள் எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டுத் தம்பியே முடிவு செய்யட்டும்.