ரெட் சாக்ஸ் வெற்றி கற்பனையன்று

2005இல் வெளிவந்த ‘ஃபீவர் பிட்ச்’ காதல் நகைச்சுவைப் படத்தின் முடிவில் அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் கோப்பையை வெல்வது, காதலர்களைச் சேர்த்துவைப்பதற்காகவே எழுதப்பட்ட கற்பனை என்று ஒருவர் கூறியிருப்பது தவறு. உண்மை அதற்கு நேர்மாறானது. பேஸ்பாலில் 1918க்குப் பின் பட்டமே வெல்லாத அந்த அணி வழக்கம்போல் தோற்கும் என்று எண்ணித்தான் திரைக்கதை எழுதப்பட்டிருந்தது. ஆனால் 2004 அக்டோபரில், அரையிறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களை இழந்த பிறகும் அடுத்த நான்கையும் வென்று, பெரும் லீக் பேஸ்பாலில் அதுவரை எந்த அணியும் செய்யாததைச் செய்த ரெட் சாக்ஸ், இறுதித் தொடரிலும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை 4-0 என வீழ்த்தி 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்தது. படக்குழு விரைந்து முடிவை மாற்றியது. அக்டோபர் 27 இரவு, வெற்றி உறுதியான சில நிமிடங்களில், படத்தின் நாயகி ட்ரூ பேரிமோரும் நாயகன் ஜிம்மி ஃபாலனும் செயின்ட் லூயிஸ் மைதானத்துக்குள் ஓடி, கொண்டாடும் வீரர்களுக்கு நடுவிலேயே நடித்தார்கள். பல்லாண்டு காத்திருந்த ரசிகர்களின் உண்மையான மகிழ்ச்சியைக் கதாசிரியரின் வசதி என்று சுருக்குவது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். இதே பெயரில் 1997இல் வந்த பிரிட்டிஷ் படத்தின் முடிவும் அவ்வாறே, 1989இல் லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஆர்சனல் கால்பந்து அணி 2-0 என வென்ற உண்மையான ஆட்டத்தைச் சார்ந்தது.