இந்தியானாவுக்கு இரண்டு மாதம், வாஷிங்டனுக்கு ஒன்பது வருஷம்

"அமெரிக்காவுல ஊசி மூலமா போதை ஏத்திக்கிறவங்கள்ல கறுப்பர்களுக்குத்தான் எச்.ஐ.வி. அதிகம். அவங்க பழக்கம் அப்படி" என்றார் நண்பர் ஒருவர். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் எனக்குச் சண்டை.

ஆய்வுகளில் கேட்டுப் பார்த்தால், கறுப்பர்கள் வெள்ளையர்களைவிட அதிகமாக ஊசியைப் பகிர்வதாகத் தெரியவில்லை. குறைவு என்றுதான் பல ஆய்வுகள் சொல்கின்றன. பிறகெப்படி? கூட இருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே தொற்று என்பதுதான் கணக்கு. 1980களில் நியூயார்க்கில் ஊசி போடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று. அங்கே ஒரே ஒரு தடவை அடுத்தவர் ஊசியை வாங்கினாலும் ஆபத்து. தொற்றே நுழையாத வட்டத்தில் பத்துத் தடவை வாங்கியவர் தப்பித்துவிடுவார்.

அதே காலத்தில் மேற்குக் கரை நகரங்களில் இந்த அளவு பரவவில்லை. கிழக்கில் கிடைத்தது தூள் ஹெராயின். மேற்கில், தார் போலப் பிசுபிசுக்கும் கறுப்பு ஹெராயின். கரண்டியில் போட்டுச் சூடாக்கினால்தான் கரையும். ஊசியையும் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இழுத்துக் கழுவாமல் அடுத்த தடவை ஓடாது. அந்தச் சூடும் கழுவலுமே கிருமியை மட்டுப்படுத்தியிருக்கும் என்பது ஹெராயின் பழக்கத்தை ஆராயும் மருத்துவர் டேனியல் சிக்கரோன் போன்றோரின் வாதம். பாருங்கள், ஒழுக்கமாவது ஒன்றாவது, சரக்கின் பிசுபிசுப்பு!

சட்டத்துக்கு வருவோம். பழைய ஊசியைக் கொடுத்துப் புதிது வாங்கும் திட்டங்களுக்கு மத்திய அரசுப் பணம் கூடாதென்று 1988இல் தடை வந்தது. கறுப்பர்கள் பெரும்பான்மையாக இருந்த தலைநகர் வாஷிங்டன் நாடாளுமன்றத்தின் பிடியில் இருப்பது. அதற்கு இன்னும் ஒரு படி மேலே: சொந்த வரிப்பணத்தைக்கூட இதற்குத் தொடக்கூடாது என்று 1998இல் நாடாளுமன்றம் கட்டிப்போட்டது. அவிழ்த்தது 2007இல்.

2015இல் இந்தியானாவின் ஸ்காட் மாவட்டம். ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள் வாழும் கிராமப்புறம். ஓபானா என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொண்டவர்களிடையே 200க்கு மேற்பட்டோருக்குத் தொற்று. ஊசி மாற்றும் திட்டத்தை எதிர்த்துவந்த ஆளுநர் மைக் பென்ஸ், விஷயம் தெரிந்து இரண்டே மாதத்தில் அவசர நிலை அறிவித்து அனுமதித்தார். அதுவே தாமதம் என்று ஆய்வாளர்கள் திட்டினார்கள். நியாயம்தான். ஆனால் வாஷிங்டனுக்காக இந்த அவசரம் ஏன் யாருக்கும் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

ஸ்காட்டில் புதிய தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன. 2021இல் மாவட்ட ஆணையர்கள் மூவரில் இருவர் அந்தத் திட்டத்தை மூட வாக்களித்தார்கள்.