தண்டவாளத்துக்குக் காசு, வரைபடத்துக்கு மட்டும் ஓசியா?

போன சனிக்கிழமை எங்கள் மாடல் ரயில் கூட்டத்தில் ஒரு பெரியவர் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். புது நீராவி எஞ்சின், 1:87 அளவு. சக்கரத்தோடு சேர்ந்து தண்டுகள் அசையும், புகைபோக்கியில் நிஜமாகவே புகை வரும். விலை 430 யூரோ. எல்லாரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தோம். பெட்டியை மூடிய கையோடு அவர் ஆரம்பித்தார்: "தண்டவாளம் வரையற சாஃப்ட்வேருக்குக்கூடக் காசு கேக்கறானுங்க. கொள்ளை!"

(அவர் சொன்னது ஜெர்மனில். கோபம் மட்டும் அச்சு அசல் நம்ம ஊர் டீக்கடைக் கோபம்.)

ஸ்டுட்கார்ட்டில் 13 வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பிழைப்பு, மென்பொருள் எழுதுவது. பொழுதுபோக்கு, வீட்டுக்குக் கீழே இருக்கும் கெல்லரில் பொம்மை ரயில் ஓட்டுவது. "பொம்மை" என்று சொன்னால் கூட்டத்தில் முறைப்பார்கள், "மாடல்" என்றுதான் சொல்ல வேண்டும். மாடல் ரயில் செய்யும் மெர்க்லின் கம்பெனி இருக்கும் கோப்பிங்கன் இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு இந்தப் பைத்தியம் பிடிக்காமல் தப்பிப்பது கஷ்டம்.

இனி விஷயம். ஸ்கார்ம் என்று ஒரு மென்பொருள். பல்கேரியாக்காரர் ஒருவர் எழுதியது. தண்டவாளத் துண்டுகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் கோத்து, அறைக்குள் லேஅவுட் (தண்டவாளத்தின் மொத்த அமைப்பு) அடங்குமா, வட்டம் போய் மூடுமா, பாலத்துக்குக் கீழே ரயில் நுழையுமா என்று பார்த்துக்கொள்ளலாம். முப்பரிமாணத்திலும் காட்டும். பல வருஷம் முழுக்க இலவசமாகக் கொடுத்தார். பிறகு ஒருநாள் உரிமம் வாங்க வேண்டும் என்று வைத்தார். இலவசமாகவும் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு திட்டத்துக்கு 100 துண்டுவரைதான். இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் கூட்டத்தில் காயம் இன்னும் ஆறவில்லை. புதிதாக யாராவது 101-வது துண்டில் போய் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் பழைய ஒப்பாரி மறுபடி கிளம்பும்.

100 என்பது நிறையத்தானே என்று தோன்றும். இல்லை. மெர்க்லினின் சி என்ற ரகத் தண்டவாளத்தில் வளைவுத் துண்டு ஒன்று 30 டிகிரி. ஒரு வட்டத்துக்கு 12. இரட்டைப் பாதை என்றால் வளைவுக்கே 24 போச்சு. நடுவில் நேர்த்துண்டுகள், நாலு தடம் உள்ள ஒரு ஸ்டேஷன், எஞ்சின் ஷெட்டுக்கு ஒரு கிளை, சுவருக்குப் பின்னால் ரயில்களை ஒளித்து வைக்கும் தடங்கள் என்று போனால் சுளுவாக 200 தாண்டிவிடும். என்னுடையது 212. ஆக, அந்த 100 வாலைக் காட்டுகிறது, முழுசாகத் தருவதில்லை. எனிரெயில் என்ற இன்னொரு மென்பொருளில் இலவச எல்லை 50 துண்டுதான். அதை எழுதியவரை யாரும் திட்டிக் கேட்டதில்லை. முதலிலிருந்தே காசு கேட்டவன் வியாபாரி, பாதியில் கேட்டவன் துரோகி. இதுதான் கணக்குப்போல.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நானும் முகம் சுளித்தவன்தான். மாதாமாதம் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கி, அதில் தண்டவாளம் வாங்கி, அதை வரைய இன்னொருத்தன் எழுதிய மென்பொருள் மட்டும் ஓசியில் வேண்டும் என்று நினைத்த ஆள். ஒரு சரக்கு வேகன் வாங்கும் காசுதான் அது. அதற்கு நான் மூன்று வாரம் யோசித்தேன். அந்த மூன்று வாரத்தில் இரண்டு வேகன் வாங்கினேன்.

வேகனைக் கையில் எடுக்கலாம், கனம் தெரியும், கண்ணாடி அலமாரியில் வைத்து விருந்தாளிக்குக் காட்டலாம். மென்பொருளை எங்கே வைத்துக் காட்டுவது? அதில் என்ன உழைப்பு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இருக்கிறது. ஒரே ஒரு உதாரணம். அதே சி தண்டவாளத்தில் ரயில் தடம் மாறும் பாயிண்ட்டின் வளைவு 24.3 டிகிரி. முப்பது இல்லை, இருபத்தைந்தும் இல்லை. மிச்சத்தை ஈடுகட்ட 5.7 டிகிரியில் ஒரு குட்டித் துண்டு தனியாக விற்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால் 30. உள்வட்டத்தின் ஆரம் 360 மில்லிமீட்டர், வெளிவட்டம் 437.5. வித்தியாசம் 77.5, பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு தடங்களின் இடைவெளியும் அதுவேதான். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிய கணக்கு. இதில் ஒரு எண்ணை மென்பொருளில் தப்பாக அடித்திருந்தால் திரையில் வட்டம் அழகாக மூடிக்கொள்ளும், பலகைமேல் கடைசி இணைப்பில் 6 மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கும். இது ஒரு கம்பெனியின் ஒரு ரகத்துக்கு. இப்படி எத்தனை கம்பெனி, எத்தனை அளவு, ஒவ்வொன்றிலும் எத்தனை ரகம்! அத்தனையையும் யாரோ உட்கார்ந்து எண்ணெண்ணாக ஏற்றியிருக்கிறார்கள். புது ரகம் வந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். விண்டோஸ் மாறினால் மறுபடி சரிபார்க்க வேண்டும். நடுவில் ஒருத்தர் ராத்திரி 11 மணிக்கு மெயில் போடுவார்: "உங்கள் மென்பொருளில் சுரங்கத்தின் நிறம் சரியில்லை." தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்கள் பல்லைப் பார்த்ததோடு நிற்கவில்லை, ஏன் வெள்ளையாக இல்லை என்று கடிதமும் போட்டோம்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன். அந்த எண்களில் கொஞ்சத்தைப் பயனாளிகளே கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தர், முன்னாள் கடைசல் பட்டறைக்காரர், கைவிடப்பட்ட பழைய தகரத் தண்டவாளங்களை வெர்னியர் வைத்து அளந்து, இந்த மாதிரி ஒரு மென்பொருளுக்குப் பட்டியலாக அனுப்பி வைத்தவர். அதற்கும் பிற்பாடு காசு வைத்தார்கள். "நான் போட்ட கல்லு இருக்கற வீட்டுக்கு நானே வாடகை குடுக்கணுமா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அப்படி உதவியவர்களுக்கு ஆளுக்கொரு உரிமத்தைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் எங்கள் கூட்டத்தில் அளந்து அனுப்பியவர் அவர் ஒருத்தர்தான். அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறவர்கள் பதினைந்து பேர்.

"அப்போ திறந்த மூல மென்பொருளுக்குப் போறோம்" என்று சிலர் கிளம்பினார்கள். (நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்த மென்பொருள்.) நல்லது, போகலாம். எக்ஸ்ட்ராக்கேட் இருக்கிறது. அதன் கதை நேர் எதிர்: முதலில் காசுக்கு விற்ற மென்பொருள், பிறகு ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். கிளம்பிப் போனவர்களில் பாதிப்பேர் ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்கள். பழகுவது கஷ்டமாம், பட்டன் பழைய பாணியாம். அமெரிக்காவில் அட்லஸ் கம்பெனி தண்டவாளம் வரைய இலவச மென்பொருள் கொடுக்கிறது, அதுவும் ஸ்கார்மை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான். அவர்களுக்கு அதில் நஷ்டம் கிடையாது. வரைந்து முடித்தவன் அட்லஸ் தண்டவாளத்தைத்தானே வாங்கப் போகிறான்?

இத்தனைக்கும் இலவச மென்பொருளுக்கும் மாடல் ரயிலுக்கும் இருக்கும் உறவு சாதாரணமானதில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946-ல் தொடங்கிய மாடல் ரயில் கிளப்பில்தான் ஹேக்கர் என்ற சொல்லே கம்ப்யூட்டர் கில்லாடி என்ற அர்த்தத்தில் முளைத்தது. லேஅவுட்டுக்கு அடியில் ஒயரும் ரிலேவும் பின்னிக்கொண்டிருந்த பையன்கள் கம்ப்யூட்டர் பக்கம் தாவினார்கள். இன்னொன்று, ஜேஎம்ஆர்ஐ. ரயிலைக் கணினியிலிருந்து ஓட்டும் இலவச மென்பொருள். அதை முன்னின்று நடத்தியவர் ராபர்ட் ஜேக்கப்சன், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். ஒரு வணிகக் கம்பெனி, காப்புரிமை மீறல் என்று சொல்லி அவரிடம் 2 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு பில் அனுப்பியது. பிறகு பார்த்தால் அதே கம்பெனிதான் ஜேஎம்ஆர்ஐ கோப்புகளைப் பெயரை உருவிவிட்டுத் தன் பொருளுக்குள் வைத்திருந்தது. மனிதர் விடவில்லை. திறந்த மூல உரிமத்தின் நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டப்படி வலியுறுத்தலாம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. உலகத்தில் திறந்த மூலம் என்று பேசும் வக்கீல்கள் எல்லாரும் இந்தப் பொம்மை ரயில் வழக்கைப் படித்திருப்பார்கள். (ஸாரி, மாடல் ரயில்.) இலவசமாகக் கொடுத்ததைக் காப்பாற்ற அந்தப் பேராசிரியர் வருஷக்கணக்கில் கோர்ட் ஏறினார். அத்தனை தெம்பு எல்லாருக்கும் இருக்குமா?

எனக்குப் பயம் காசைப் பற்றி இல்லை, கோப்பைப் பற்றி. வீட்டு அறைகளை வரைய நான் ஒரு இணையச் சேவையைப் பயன்படுத்தி வந்தேன், பெயர் வேண்டாம். எங்கள் கெல்லரின் ஒவ்வொரு குழாயையும் அளந்து அதில்தான் வரைந்து வைத்திருந்தேன். ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். வரைபடம் போச்சு. மறுபடி டேப்பை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு ஊர்ந்தேன். அதற்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை, ஆகவே கேட்க வாயும் இல்லை. 1859-ல் தொடங்கிய மெர்க்லினே 2009-ல் திவால் மனு போட்டு, தட்டுத் தடுமாறித்தான் எழுந்தது. தனி ஆளாக ஒரு மென்பொருளைத் தூக்கிச் சுமப்பவருக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும். நாம் கேட்க வேண்டியது "ஏன் காசு?" என்பதே இல்லை. "நாளைக்கு நீங்கள் நிறுத்திவிட்டால் என் 212 துண்டுகள் எதில் திறக்கும்?" என்று கேளுங்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறவனுக்கு இரண்டு வேகன் விலைகூடக் கொடுக்கலாம். சொல்லாதவன் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

430 யூரோ பெரியவர் கதை பாக்கி இருக்கிறது. கூட்டம் முடிந்து கோட்டு மாட்டும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பையிலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்தார். பென்சிலில் வரைந்த லேஅவுட், அழித்து அழித்துத் தாளே நைந்திருந்தது. "தம்பி, உங்கிட்டதான் லைசன்ஸ் இருக்குல்ல. கொஞ்சம் அதுல போட்டுப் பாரேன், வடக்குப் பக்க வளைவு சுவத்துல இடிக்கற மாதிரி இருக்கு."

நேற்று ராத்திரி உட்கார்ந்து போட்டேன். 143 துண்டு. இடிக்கத்தான் செய்கிறது, 4 சென்டிமீட்டர்.