தொலைதூரம் என்றால் நான்கு சக்கரமும் மேலே ஏறட்டும்

பழுதான காரையோ ஓட்ட ஆள் இல்லாத காரையோ வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேச்சு வந்தாலே, எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. எஞ்சினின் சக்தி எந்தச் சக்கரங்களுக்குப் போகிறது? கியர்பாக்ஸ் மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமலே வண்டி பேசிவிடுகிறார்கள். வாடகையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, கியர்பாக்ஸையே பறிகொடுத்த நல்ல கார்களைப் பார்த்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரம் 50 கிலோமீட்டரைத் தாண்டினால் காரின் நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும். தட்டையான தளத்தில் காரை முழுதாக ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரியாக இருக்கட்டும், கார் ஏற்றும் டிரெய்லராக இருக்கட்டும், இரண்டும் சரிதான். சக்கரம் ரோட்டில் உருண்டுகொண்டே வரும் முறைகள் எல்லாம் ஆபத்துக்கு உதவ, பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும்.

காரின் ஒரு முனையைத் தூக்கி இழுத்துச் செல்லும் அந்தக் காலத்து டோ வண்டி உருவானதே அதற்குத்தான். 1916-இல் அமெரிக்காவின் சாட்டனூகாவில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக் அதை உருவாக்கினார். ஓடையில் கவிழ்ந்த ஒரு காரைக் கயிறும் கட்டையும் ஆட்களுமாகச் சேர்ந்து இழுத்தும் பெரும்பாடாகப் போனதுதான் அவருக்கு அந்த யோசனையைத் தந்தது. பள்ளத்தில் கிடப்பதை வெளியே எடுத்து, அருகில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. ஒரு முனையைத் தூக்கி மறுமுனையை ரோட்டில் உருட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓடுவது அதற்கு விதித்த வேலை இல்லை.

"நியூட்ரலில் போட்டுவிட்டால் சும்மாதானே உருண்டு வரப்போகிறது?" என்று கேட்பார்கள். ஆட்டோமேட்டிக்கில் அப்படி இல்லை. அதன் உள்ளே ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் ஒன்று இருக்கிறது. வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். ஆனால் ரோட்டில் உருளும் சக்கரம், கியர்பாக்ஸின் பின்பக்கத்துப் பாகங்களைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். புஷ்ஷும் பேரிங்கும் கிளட்ச் தகடுகளும் ஆயில் இல்லாமல் உரசிச் சூடாகும். வெளியே சத்தம் வராது, புகை வராது. இழுத்துக்கொண்டு போகிறவருக்குத் தெரிய வழியே இல்லை. ஊர் போய்ச் சேர்ந்து, பழுதைச் சரி பண்ணி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து டி-யில் போட்டுப் பார்க்கும்போதுதான் வண்டி நகராது. பல ஆட்டோமேட்டிக் கார்களின் கையேட்டில் தரையில் உருட்டி இழுப்பதற்கு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், மொத்தம் 50 கிலோமீட்டர் தூரம் என்ற மாதிரி வரம்பு போட்டிருப்பது இதனால்தான். சிலவற்றில் அதுவும் கூடாது என்றே இருக்கும். பெல்ட்டும் புல்லியுமாக வேலை செய்யும் சிவிடி வகை ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

மேனுவல் கார்க்காரர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி உண்டு. முன்சக்கர இழுவை உள்ள மேனுவல் கார்கள் நியூட்ரலில் உருள்வதைப் பெரும்பாலும் தாங்கும். பின்சக்கர இழுவை என்றால் பின்பக்கம் தரையில் உருளக்கூடாது, இல்லையென்றால் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றுகிறவர், போல்ட் போட்டு இணைக்கும் இரண்டு வட்டத் தகடுகளிலும் (ஃபிளாஞ்ச்) பொருந்தும் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டுதான் கழற்றவேண்டும். மாற்றிப் பூட்டினால் அப்புறம் ஓடும்போது அதிர்வு வரும். ஷாஃப்ட்டைக் கியர்பாக்ஸிலிருந்து உருவி எடுக்கும் வகைக் கார்களில், கியர்பாக்ஸின் வால் பக்கத் துளையை அடைக்காவிட்டால் ஆயில் வழி நெடுக ஒழுகும்.

நான்கு சக்கர இழுவை, அதிலும் எப்போதும் நான்குக்கும் சக்தி போகும் ஆல் வீல் டிரைவ் கார்களில் இரண்டைத் தூக்கி இரண்டை உருட்டவே கூடாது. முன், பின் சக்கரங்களை இணைக்கும் நடுக் கப்ளிங், முன்னும் பின்னும் வேகம் வேறுபடுவதைச் சமப்படுத்தப் பார்த்துப் பார்த்தே வெந்துவிடும். தூக்கி வைத்த சக்கரம் தானாகச் சுழலத் தொடங்கி, கார் தாங்கியிலிருந்து நழுவவும் வாய்ப்புண்டு.

மின்சாரக் கார் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டாரைச் சக்கரம் சுழற்றினால் அது ஜெனரேட்டராக வேலை செய்யும். யாரும் கேட்காமலே மின்சாரம் உற்பத்தியாகி, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டர் பக்கம் போய்ச் சேதம் பண்ணும். பெரும்பாலான மின்சாரக் கார்களின் கையேடு பிளாட்பெட்டைத்தான் சொல்கிறது. டொயோட்டா ப்ரியஸ் மாதிரியான ஹைபிரிட்டிலும் முன்சக்கரங்கள் தரையில் உருளக்கூடாது.

விதிவிலக்கையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். நான்கு சக்கரமும் ரோட்டில் உருள, இரண்டு வண்டியையும் இணைக்கும் இரும்புத் தண்டான டோ பாரில் மாட்டி நாள் கணக்கில் இழுத்துக்கொண்டு போகலாம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்திருக்கும் கார்கள் சில உண்டு. ஜீப் ராங்லர் அப்படிப்பட்டது. கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனியாக ஒரு நியூட்ரல் இருக்கிறது. அதில் போட்டால் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடுகிறது. கேம்பர் வேனுக்குப் பின்னால் அதை மாட்டிக்கொண்டு கண்டம் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. உங்கள் காரின் கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். எழுதவில்லை என்றால் "எங்க வண்டி அப்படித்தான் போச்சு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

டாலி என்று ஒன்று உண்டு. முன்சக்கரங்கள் மட்டும் ஏறி நிற்கும் சின்ன இரட்டைச் சக்கர வண்டி. முன்சக்கர இழுவைக் காருக்கு அது பொருந்தும், வாடகையும் குறைவு. ஆனாலும் நீண்ட பயணத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அதை வைத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்க முடியாது. இழுக்கும் வண்டிக்கும் டாலிக்கும் நடுவே ஒரு மூட்டு, டாலிக்கும் காருக்கும் நடுவே இன்னொரு மூட்டு. பின்னால் தள்ளினால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் மடங்கிக்கொள்ளும். தெரியாத ஊரில் ராத்திரி நேரம் ஒரு முட்டுச்சந்துக்குள் நுழைந்துவிட்டால், காரை இறக்கி, டாலியைக் கழற்றி, கையால் திருப்பி, மறுபடி ஏற்றவேண்டும். பின்சக்கரம் உருளும் என்பதால் ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க மறந்தால் டயரும் பிரேக்கும் எரிந்தேபோகும்.

கயிறு கட்டி இழுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் நின்ற காரில் பிரேக்கை ஒன்றிரண்டு முறை மிதித்ததும் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். ஓரம் கட்டுவதற்கு மட்டும் கயிறு.

சொந்த வண்டியில் டிரெய்லர் மாட்டிப் போகிறவர்கள் எடைக் கணக்கைக் கட்டாயம் போடவேண்டும். கார் 1,200 கிலோ, டிரெய்லர் 700 கிலோ என்றால் இழுப்பது 1,900 கிலோ. உங்கள் வண்டி எவ்வளவு இழுக்கலாம் என்று கையேட்டில் இருக்கும். எஞ்சினுக்குத் தெம்பு இருக்கிறதே என்று அதைத் தாண்டாதீர்கள். இழுப்பதை விட நிறுத்துவதுதான் கஷ்டம். இந்த எடைக்கு டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தே ஆகவேண்டும்.

அப்புறம், இழுக்கும் வண்டியில் டிரெய்லரை மாட்டும் கொக்கி உருண்டையின் மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது. அமெரிக்காவில் மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள், ஐரோப்பாவில் பெரும்பாலும் 4 முதல் 7 சதவீதம். வண்டியும் கொக்கியும் டிரெய்லரும் அங்கங்கே வேறு மாதிரி. உங்கள் கொக்கியில் பொறித்திருக்கும் அளவுதான் உங்களுக்குக் கணக்கு. பாரம் பின்னால் கூடிப்போனால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அதனால்தான் எஞ்சின் முன்னால் உள்ள காரை முகம் முன்னால் இருக்கும்படி ஏற்றுகிறோம். ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ஆட ஆரம்பித்துவிட்டால் பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது காரைக் கட்டும் விதம். நல்ல பிளாட்பெட் வந்திருக்கும், ஓட்டுநரும் அனுபவசாலியாக இருப்பார். ஆனால் காரை ஏற்ற உதவிய வின்ச்சின் (கேபிளைச் சுற்றி இழுக்கும் கருவி) கேபிளையே முன்னால் கட்டாக விட்டுவிட்டு, பின்னால் ஒரே ஒரு பட்டையைப் போட்டுக் கிளம்பிவிடுவார். இதை அனுமதிக்காதீர்கள். வின்ச் இழுத்து ஏற்றத்தான், கட்டி வைக்க அல்ல.

சக்கரத்தைக் கட்டவேண்டும், உடம்பைக் கட்டக்கூடாது. சேஸியிலோ சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷனின் கீழ்க் கையிலோ கொக்கி மாட்டி இறுக்கினால், பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பட்டை ஒரு கணம் தொய்யும். அந்த ஒரு கணத்தில் கொக்கி கழன்று விழலாம். இப்போதைய கார்களில் அந்தக் கை அலுமினியத்தில் இருந்தால் வளைந்தும் போகும், பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் வேறு. டயரின் மேல் சுற்றி வரும் பட்டையை, பல் பல்லாக இறுக்கும் ராட்செட்டால் தளத்தோடு இறுக்கினால், சக்கரம் அசையாது, கார் உடம்பு தன் ஸ்பிரிங்கில் வழக்கம்போல ஏறி இறங்கிக்கொள்ளும். நான்கு சக்கரத்துக்கும் நான்கு தனிப் பட்டைகள். ஒன்று போனாலும் மற்ற மூன்று பிடிக்கும். பட்டையில் தைத்திருக்கும் லேபிளில் எவ்வளவு தாங்கும் என்று இருக்கும். லேபிளே இல்லாத, ஓரம் பிய்ந்த பட்டையாக இருந்தால் வேறு கேளுங்கள். இப்படிக் கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் உங்கள் காரை ஒப்படைக்க வேண்டியதில்லை.

கிளம்பி 20, 30 கிலோமீட்டரில் ஒருமுறை கட்டாயம் நிறுத்தவேண்டும். புறப்படும்போது விரலால் தட்டினால் விண்ணென்று இருந்த பட்டை, டயர் கொஞ்சம் அமர்ந்து நூல் கொஞ்சம் நீண்டதும், அழுத்தினால் உள்ளே போகும். ராட்செட்டை இரண்டு பல் ஏற்றினால் சரியாகிவிடும். டிரெய்லர் என்றால் அதே நிறுத்தத்தில் சக்கரங்களின் ஹப்புக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் அனலாக அடித்தால், பேரிங் போகிறது, இல்லையென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதோடு மேலே ஓட்டக்கூடாது.

பேட்டரி செத்த காரை ஏற்றுவது தனிக் கதை. எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் மின்சாரம் இல்லாமல் பெரும்பாலும் விடாது, வெளியிலிருந்து கரன்ட் கொடுத்து விடுவிக்க வேண்டும். கியர் பி-யில் மாட்டிக்கொண்டால் பல கார்களில் கியர் லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து உள்ளே அழுத்தினால் நியூட்ரலுக்கு வரும். இது தெரியாமல் பூட்டிய சக்கரத்தோடு தரதரவென்று இழுத்து ஏற்றுகிறவர்கள் உண்டு. ஏற்றும்போது இழுக்கும் வளையம், ஸ்பேர் டயரோடு இருக்கும் டூல் கிட்டில் கிடக்கும். பம்பரில் இருக்கும் சின்ன மூடியை எடுத்து அதைத் திருகவேண்டும். சில கார்களில் இடப்பக்கம் திருகினால்தான் ஏறும். முழுக்க ஏறாமல் பாதித் திருகில் இழுத்தால் பிய்த்துக்கொண்டு வரும்.

பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வழியில் காருக்கு ஏதாவது ஆனால் யாருடைய இன்சூரன்ஸ்? உங்கள் சாதாரண பாலிசி, இன்னொருவர் லாரியின் மேல் இருக்கும்போது நடப்பதற்குப் பொருந்துமா என்பதை உங்கள் நிறுவனத்திடமே கேளுங்கள். மூடிய கன்டெய்னர் லாரி நல்லதுதான், விலை உயர்ந்த காருக்கு. மற்றவர்களுக்குத் திறந்த லாரி போதும், கொஞ்சம் தூசி படியும், அவ்வளவுதான்.

ஏற்றும் முன் நான்கு பக்கமும், கூரையும், மீட்டரும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்தில் இருட்டாக இருந்தால் டார்ச் அடித்தாவது சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். முக்கியமாக முன்பம்பரின் அடிப்பாகம். தாழ்ந்த கார்கள் சரிவில் ஏறும்போதும் இறங்கும்போதும் தேய்வது அங்கேதான், நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, குனிந்து பார்க்க வேண்டும்.